தாயம் விழுந்தால்தான் உள்ளே!

பி.காம். படித்தவனை எதற்கெல்லாம் கூப்பிடுவார்கள்? வருமான வரி ஃபாரம் நிரப்ப. சீட்டுக் கம்பெனியில் போட்ட பணம் திரும்பி வருமா என்று கேட்க. கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுத. போன தை மாதம் என்னைத் தாயக்கட்டத்துக்குச் சட்டம் எழுதக் கூப்பிட்டார்கள் என்றால் நம்புவீர்களா?

பெங்களூரிலிருந்து அத்தை மகன்தான் போன் செய்தான். "அம்மா அஞ்சு மாசமா யாரோடயும் சரியாப் பேசறதில்லை. தாயம் ஆடறதையே நிறுத்திட்டாங்க. நீ ஒரு நடை போய்ப் பாரேன்."

அத்தை தாயம் ஆடவில்லை என்றால், காவிரியில் தண்ணீர் வரவில்லை என்பது போல. விஷயம் பெரிது. திருச்சியில் பஸ் ஏறிவிட்டேன்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கீரனூர் தாண்டியதும் மொட்டைப் பாறைகளும் கண்மாய்களும் மாறி மாறி வரும். தை மாதம் என்பதால் பஸ் முழுக்க ஒரே பேச்சு, ஜல்லிக்கட்டு. மாநிலத்தில் வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக இந்த மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில்தான் நடக்கும். பக்கத்து சீட்டுப் பெரியவர் என் தோளில் தட்டிச் சொன்னார்:

"முன்னயெல்லாம் ஊருக்கு ஒரு சட்டம் தம்பி. வாடிவாசல் வச்சு விடற ஊரு, வெட்டவெளியில அவுத்து விடற ஊரு, வடத்துல கட்டி விடற ஊரு. இப்ப எல்லாத்துக்கும் ஒரே புஸ்தகம்."

அவர் சொன்ன புஸ்தகம் 2017-ஆம் வருஷ விதிகள். 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியது, சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18-ஆம் தேதி அரசியல் சாசன பெஞ்ச் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இப்போது காளைக்கும் டாக்டர் சர்டிபிகேட், வீரருக்கும் டாக்டர் சர்டிபிகேட். திமிலை மட்டும்தான் பிடிக்கலாம். வாலைத் தொட்டால் அவுட். பதினைந்து மீட்டர், அல்லது முப்பது விநாடி, அல்லது மூன்று துள்ளல். அவ்வளவுதான் கணக்கு.

"கஷ்டமா இருக்கா?" என்றேன்.

"ஆரம்பத்துல இருந்துச்சு. ஆனா சட்டமே இல்லாம ஆடவும் முடியாதுல்ல?" என்றார். 2019 ஜனவரியில் இதே மாவட்டத்து விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டுச் சாதனை படைத்தார்கள். அதே நாளில் இரண்டு உயிரும் போயிற்று. பெரியவர் அதையும் சொன்னார். கீழே இறங்கும்போது ஒரு வரி உதிர்த்துவிட்டுப் போனார்: "மாடு புஸ்தகம் படிக்காது தம்பி. மனுசன்தான் படிச்சுட்டு வரணும்."

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே திருக்கோகர்ணத்தில் இறங்கிக்கொண்டேன். அங்கே 1910-ல் ஆரம்பித்த அருங்காட்சியகம் இருக்கிறது. காசு என்றால் எனக்கு ஒரு பலவீனம். (பிறருடையதை எண்ணியே பழகிவிட்டதால் இருக்கலாம்.) புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு அம்மன் காசு என்று சொந்த நாணயமே உண்டு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரி சமயத்தில் அரிசியோடு சேர்த்து மக்களுக்குக் கொடுப்பார்களாம். இருபது அம்மன் காசு ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 320 காசு!

1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி அணாவும் போய் நயா பைசா வந்தது. பத்து வருஷத்துக்குள் இரண்டு தடவை கணக்கையே மாற்றிப் போட்டுக்கொண்ட ஊர். என் பாட்டனார் கடைசிவரை நயா பைசாவை அணாவில் மாற்றித்தான் மனசுக்குள் கூட்டுவாராம். புதுச் சட்டம் கடைக்கு, பழைய சட்டம் மனசுக்கு!

நகரத்தில் இறங்கி பரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிட்டுவிட்டு (அத்தை வீட்டில் சைவம்), காரைக்குடி பஸ்ஸில் ஏறி, திருமயம் கோட்டை கண்ணில் பட்டதும் இறங்கி, மினி பஸ் பிடித்து அத்தை ஊருக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அத்தை பத்திரிகை படிக்கிறவள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். "வா மருமகனே. அவன் அனுப்பிச்சானா?" என்றாள். உளவுத் துறையில் சேர்ந்திருக்க வேண்டியவள்.

இங்கே கொஞ்சம் முன்கதை. அந்தத் திண்ணையில் நாற்பது வருஷமாக மத்தியானம் மூன்று மணிக்குத் தாயம். நாலே பேர். அத்தை, எதிர்வீட்டு ஆச்சி, தையல்கார அக்கா, ரிட்டயர்டு டீச்சர். இரண்டு பித்தளைத் தாயக்கட்டை. கட்டம், சிமென்ட் தரையில் ஆணியால் கீறி மேலே சாக்பீஸ் பூசியது. காய்கள் ஆளுக்கு நாலு. அத்தைக்குப் புளியங்கொட்டை, அக்காவுக்குச் சட்டைப் பட்டன், டீச்சருக்கு சாக்பீஸ் துண்டு. ஆச்சிக்கு மட்டும் நாலு அம்மன் காசு. அவர் மாமியார் கொடுத்தது.

போன ஆவணியில் ஒரு நாள் பாதி ஆட்டத்தில் ஆச்சி "நெஞ்சு என்னமோ பண்ணுது" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

அன்றோடு ஆட்டம் நின்றது. அத்தை ஒரு காரியம் செய்திருந்தாள். காய்கள் எங்கெங்கே நின்றன என்று தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு, தாயக்கட்டையோடு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"மூணு பேர் ஆடலாமே அத்தை?"

"ஆடலாம்" என்றாள். அந்த 'லாம்' ஆடாது என்று எனக்குப் புரிந்தது.

அப்போது எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் காபி எடுத்து வந்தது. ஆச்சியின் மருமகள். கோயமுத்தூர்க்காரர். மாமியார் போன பிறகு குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டார். லேப்டாப்பில் வேலை. மூன்று மணிக்கு அவருக்கு ஓய்வாம்.

"நானும் ஆட வர்றேனுங்கன்னு கேட்டேனுங்க. உங்க அத்தை, உனக்கு எங்க ஆட்டம் தெரியாதுன்னுட்டாங்க" என்றார் என்னிடம்.

"தெரியாதுதானே? இவ ஊர்ல அஞ்சு போட்டாலும் காயை எறக்குவாங்களாம்! வெட்டாமலே உள்கட்டத்துக்குப் போவாங்களாம்! இதெல்லாம் ஒரு ஆட்டமா?"

தாயம் தெரியாத வாசகர்களுக்கு: கட்டை ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் மொட்டை. ஒரு கட்டையில் ஒன்றும் மறு கட்டையில் மொட்டையும் விழுந்தால் தாயம். இரண்டும் மொட்டை என்றால் பன்னிரண்டு. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு தடவை உருட்டலாம். அத்தை திண்ணைச் சட்டப்படி தாயம் விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும். எதிராளியின் காயை ஒரு தடவையாவது வெட்டினால்தான் உள்சுற்றுக்குப் போகலாம். நடுக்கட்டத்தைச் சரியான எண்ணோடு அடைந்தால் பழம்.

நான் பேனாவை எடுத்தேன். இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமாக விழலாம். அதில் தாயம் இரண்டு விதம், அதாவது எட்டில் ஒன்று. பத்துத் தடவை உருட்டியும் தாயமே விழாமல் போக, நாலில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது! ஐந்துக்கும் இறங்கலாம் என்றால் நாலில் ஒன்று ஆகிவிடும். அப்போது பத்து தடவையும் சும்மா போக, நூற்றுக்கு ஆறுதான். "கோயமுத்தூர்ச் சட்டத்துல ஆட்டம் சீக்கிரம் சூடு பிடிக்கும் அத்தை. காத்திருக்கிற நேரம் பாதியாக் குறையும்" என்றேன், பட்ஜெட் வாசித்த நிதியமைச்சர் மாதிரி.

அத்தை என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "தாயம் விழாம உக்காந்திருக்கிற நேரத்துலதான்டா நாங்க பேசறதே. உன் மாமா போனப்ப ஆச்சி எனக்கு ஆறுதல் சொன்னது எப்பன்னு நெனைக்கிறே? ரெண்டு பேருக்கும் தாயம் விழாத அன்னிக்கு. அந்த நேரத்தைப் பாதியாக் குறைக்கணுமா?"

என் பி.காம். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டது.

ராத்திரி அத்தை மகனுக்கு வீடியோ கால் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "எங்க குரூப்லயும் இதே சண்டைதான்!" என்றான். சனிக்கிழமை ராத்திரி ஐந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார்களாம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் மந்திரவாதி, போர்வீரன், திருடன் என்று ஆளுக்கொரு வேஷம். பாம்பு கடித்ததா, பூட்டு திறந்ததா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை முடிவு செய்யும். தெருக்கூத்தும் தாயமும் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் உண்டாக்கிய ஆட்டம். வெளியானது 1974 ஜனவரி. முதல் பதிப்பு ஆயிரம் பிரதிதான். வேடிக்கை என்னவென்றால், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்ததும் அதே 1974 ஜனவரியில், 14-ஆம் தேதி! இரண்டும் ஒரே மாதத்துக் குழந்தைகள்.

அந்த ஆட்டத்துக்குச் சில வருஷங்களுக்கு ஒரு தடவை புதுச் சட்டப் புத்தகம் வரும். 2008-ல் நாலாம் பதிப்பு வந்தபோது, பழைய சட்டமே போதும் என்று ஒரு கூட்டம் பிரிந்துபோனது. அவர்களுக்காகவே அடுத்த வருஷம் இன்னொரு கம்பெனி பழைய விதிகளைக் கொஞ்சம் திருத்தி 'பாத்ஃபைண்டர்' என்று தனி ஆட்டமே போட்டது. 2014-ல் ஐந்தாம் பதிப்பு. 2024-ல் அதிலும் திருத்தம்.

"புதுப் புஸ்தகம் வந்ததும் எங்க அஞ்சு பேர்ல ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டாங்க. ரெண்டு வருஷமா வளர்த்த மந்திரவாதியைப் புதுச் சட்டத்துக்கு மாத்தினா அவன் அவனா இருப்பானான்னு சண்டை."

"எப்படித் தீர்த்தீங்க?"

"நடக்கிற கதை பழைய சட்டத்துலயே முடியட்டும். அடுத்த கதை புதுச் சட்டம்."

அட! ஜி.எஸ்.டி. வந்தபோது நாங்கள் செய்ததும் இதுதானே? 2017 ஜூன் 30 ராத்திரி இருந்த சரக்கையும் வரி வரவு மீதியையும் எழுதி, ஜூலை முதல் தேதி புதுக் கணக்குக்குக் கொண்டுபோக 'ட்ரான் ஒன்று' என்று ஒரு ஃபாரமே இருந்தது. அத்தை காலண்டர் தாளில் போட்டு வைத்திருக்கும் படமும் ஒரு ட்ரான் ஒன்றுதான்!

ஆனால் அத்தையிடம் சொல்லும் தைரியம் உடனே வரவில்லை. மறுநாள் காலை குடுமியான்மலைக்குப் போனேன். புதுக்கோட்டையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். சிகாநாதர் கோயிலில் குகைக் கோயிலை ஒட்டிய பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. சுமார் ஏழாம் நூற்றாண்டு. பல்லவ கிரந்த எழுத்து. ருத்ராசாரியார் என்ற குருவின் சீடரான ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காக வெட்டி வைத்தது. ஏழு ராகங்களுக்கான ஸ்வர வரிசைகள், நாலு நாலு ஸ்வரமாக, வரிவரியாக. ஒரே ஸ்வரத்தை ச, சி, சு, செ என்று உயிரெழுத்தை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

அந்த எழுத்துக்களை அடுத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு ஒழுங்கான புத்தகம்! கிழியாது, கரையான் அரிக்காது. ஆயிரம் வருஷம் கழித்துத் தஞ்சாவூரில் வேங்கடமகி 72 மேளகர்த்தாவுக்கு வழி செய்தார். பாட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. இந்தப் பாறையில் உள்ளதை அன்றைக்கு எப்படிப் பாடினார்கள் என்று இன்றைக்கும் அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படியே இருக்கிறது. உட்கார்ந்து பாட ஆள்தான் இல்லை.

எழுதி வைப்பது பெரிதில்லை. அடுத்த ஆளை உட்கார வைப்பதுதான் பெரிது. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சாயங்காலம் திண்ணையில் நாலு பேரையும் கூட்டினேன். கல்வெட்டுக் கதையைச் சொன்னேன். அத்தை, "கல்லுல வெட்டினதே அந்தக் கதின்னா, நம்ம திண்ணை எம்மாத்திரம்?" என்று முணுமுணுத்தாள். நல்ல அறிகுறி.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்மையைச் சொல்லட்டுமா? வெட்டினாத்தான் உள்ளேங்கிறது இந்த ஊர்ச் சட்டமே இல்லை. ஆச்சி அவங்க பொறந்த ஊர்லேர்ந்து கொண்டுவந்தது. அதுக்காக உங்க அத்தை ஒரு மாசம் ஆச்சியோட பேசலை."

"அப்படியா அத்தை?"

"இருபத்தெட்டு நாள்" என்றாள் அத்தை. "அப்புறம் ஆடிப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

ஆக, ஆதிகாலத்துச் சட்டம் என்று நான் நினைத்தது ஒரு பழைய சண்டையின் சமாதான ஒப்பந்தம்! நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி எழுத ஆரம்பித்தேன். ஒன்று: நின்றுபோன ஆட்டம் பழைய சட்டப்படியே நடந்து முடியும். இரண்டு: ஆச்சியின் காய்களை மருமகள் ஆடுவார். மூன்று: அடுத்த ஆட்டத்திலிருந்து ஐந்துக்கும் இறக்கலாம். நாலு: வெட்டினால்தான் உள்ளே என்பது என்றைக்கும் மாறாது. (இது மருமகளே சொன்னது. "அது அவங்க சட்டமுங்க. இருக்கட்டும்.") அக்கா, "நாப்பது வருஷமா நோட்டு இல்லாமத்தான் ஆடினோம்" என்றார். இருந்தாலும் நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் மூன்று மணி. அத்தை டின்னைத் திறந்தாள். புதுசாக சாக்பீஸ் பூசிய கட்டத்தில் காலண்டர் தாளைப் பார்த்துக் காய்களை வைத்தோம். ஆச்சிக்கு மூன்று காசு பழம். நாலாவது காசு நடுக்கட்டத்துக்கு இரண்டே கட்டம் தள்ளி. இரண்டு விழுந்தால் ஜெயம். அதற்கு நாலு கட்டம் பின்னால் அத்தையின் புளியங்கொட்டை ஒன்று.

மருமகள் கட்டைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உருட்டினார். மூன்று. நகர முடியாது.

அத்தை உருட்டினாள். நாலு.

திண்ணையில் சத்தமே இல்லை. அத்தைக்கு வெளிச்சுற்றில் இன்னொரு கொட்டை இருந்தது. அதை நகர்த்தினால் யாரும் கேட்கப் போவதில்லை. ஐந்து மாதம் பெட்டியில் பூட்டி வைத்திருந்த காசு. சிநேகிதியின் கடைசிக் காசு. நான் அத்தையின் விரலைப் பார்த்தேன். அது கொஞ்சம் நடுங்கியது.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. புளியங்கொட்டை காசின் மேல் உட்கார்ந்தது.

"வெட்டு" என்றாள் அத்தை. அக்கா "ஐயையோ" என்றார். "என்ன ஐயையோ? விட்டுக்கொடுத்து ஆடினேன்னு தெரிஞ்சா அவ என்னை மன்னிப்பாளா?" என்றபடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையாக இருக்கலாம். தை மாதம்தான், இருந்தாலும்.

காசு வெளியே வந்துவிட்டது. வெட்டினவளுக்கு இன்னொரு உருட்டு. அதில் ஒன்றும் தேறவில்லை. அக்காவும் டீச்சரும் ஆடினார்கள். மறுபடி மருமகள் முறை. பழைய சட்டப்படி தாயம் விழுந்தால்தான் இறங்க முடியும்.

கட்டைகள் உருண்டன. ஐந்து.

மருமகள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் நோட்டைத் திறந்து, நடுவர் தோரணையில் விதி ஒன்றைக் காட்டினேன். "இந்த ஆட்டம் முடியும்வரை..."

"அந்த நோட்டை மூடுடா" என்றாள் அத்தை.

"நீங்க கையெழுத்துப் போட்டது அத்தை."

"போட்டேன். அதுக்கு இப்ப என்ன?" காசை எடுத்து மருமகள் உள்ளங்கையில் வைத்தாள். "அஞ்சுதானே விழுந்திருக்கு? எறக்கு. அவளை எத்தனை நாள் வெளியிலயே உக்கார வைக்கிறது?"

அவளை என்றது யாரை என்று நான் கேட்கவில்லை. விதி ஒன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி போட்டு என் சுருக்கெழுத்தை வைத்தேன். கணக்கில் அடித்தல் திருத்தம் இருந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும்.

அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பியபோது யாருக்கும் சரியான எண் விழாமல், நாலு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.